துண்டுக்கு அடியில் கேட்ட விலை

நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் இப்போது வாசலிலேயே விலைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு இவ்வளவு, குடலிறக்கத்துக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்று பெயின்ட்டில் எழுதித் தொங்கவிட்டாயிற்று. என் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் பெண் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பலகை மாட்டியும் சனங்க விட மாட்டேங்கறாங்க அங்கிள். நாலு ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வந்து எங்கிட்ட நியாயம் கேக்கறாங்க. நீங்கல்லாம் எப்படிச் சமாளிச்சீங்க?"

"நான் சமாளிக்கலம்மா" என்றேன். கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். நான் கேலிக்குச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவளிடம் நின்ற நிலையில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பை முடித்து, பங்குச் சாமியாரின் சிபாரிசுக் கடிதத்தோடு ஐம்பதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் மருந்துக் கிடங்கில் பாட்டில் எண்ணினேன். ஒரு வருடம் வார்டுகளில் பெயர் எழுதினேன். பிறகு முகப்பு மேசையில் போட்டார்கள். ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்கு என்ன செலவாகும் என்று முன்கூட்டியே சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. எனக்கும் வருகிறவர்களுக்கும் நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு. கூட்டம் மேலே வந்து விழாமலிருக்கப் போட்டது. அதற்கு மேலே தெரிகிற தலைகளை மட்டும்தான் நான் பார்ப்பேன்.

ஆபீசுக்குப் பொறுப்பு சிஸ்டர் கிளாரா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லி. அவர் நடந்து வருவது கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். இரண்டு கைகளையும் அங்கியின் கைகளுக்குள் செருகிக்கொண்டுதான் பேசுவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னை மேசையில் அமர்த்திய அன்று சொன்னார்: "விலையை ஒரு தடவை சொல்லு, முழுசாச் சொல்லு. முகத்தைப் பாத்துச் சொல்லு, மடியைப் பாக்காத. அப்புறம், யாரையும் அவசரப்படுத்தாத. இன்னிக்கே சேந்துருங்க, நாளைக்குன்னா கஷ்டம்னு சொல்றதெல்லாம் கடைக்காரன் பேச்சு. நாம சரக்கு விக்கல."

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஞானோபதேசம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன்.

விலை என்பது ஒரு எண் என்றுதான் சனங்கள் நினைக்கிறார்கள். கால் ஆபரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுப்பதற்கு ஒரு தொகை, மயக்க மருந்துக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று, கஞ்சிக்கு ஒன்று. அதற்கப்புறம் கட்டு. சூட்சுமமே கட்டில்தான் இருக்கிறது. வயிற்றைக் கிழித்தால் பத்து நாளில் தையல் பிரித்து அனுப்பிவிடலாம். கால் புண் அப்படி ஆறாது. முப்பது, நாற்பது தடவை கட்டு மாற்ற வேண்டும். எங்கள் விலையில் அத்தனையும் அடக்கம். வேறு சில இடங்களில் அறுக்கும் கூலியை மட்டும் சொல்வார்கள். கேட்கும்போது அது எங்கள் விலையில் பாதி. ஆறி வெளியே வரும்போது எங்கள் விலையைத் தாண்டியிருக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆனால் துணைக்கு ஓர் ஆள் வேலையை விட்டுவிட்டு வந்து கிடக்க வேண்டும். கடலைக்காய் பிடுங்கும் காலத்தில் அந்த ஆளின் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் சும்மா இல்லை. இதையெல்லாம் சளைக்காமல் விளக்குவேன். விலை சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மண்டைக்கனம்கூட இருந்தது.

நயா பைசா வந்த புதிது. எங்கள் டவுனில் மாட்டுச் சந்தை கூடும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், தலையில் உருமாலும் தோளில் துண்டுமாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மடியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். வெல்லம் மடித்துத் தருகிற காகிதம். அதில் ஒரு பாதம் இருந்தது. செருப்புத் தைக்க அளவு கொடுப்பதுபோல், காலைக் காகிதத்தின் மேல் வைத்துச் சுற்றிலும் பென்சில் ஓட்டி எடுத்த கோடு. பெருவிரலுக்குக் கீழே மூன்று புள்ளிகள்.

"ஏனுங் சாமி, இந்தக் காலை அறுத்துச் சரி பண்ணோணும்னா என்ன ஆகுமுங்க?"

"யாரோட காலுங்க?"

"என்ற பங்காளி காலுங்க. ஊட்டுல இருக்கறான். எப்பவோ முள்ளுக் குத்துனது, இப்பப் பொடைச்சுக்கிட்டு அங்கங்க ஓட்டை உளுந்திருக்குது. புள்ளி வெச்சிருக்கறேன் பாருங்க, அதுதான் ஓட்டை. வலி மட்டும் கடுகத்தனை இல்லீங்க."

பெயர் செங்கோடன், மாட்டுத் தரகு, ஊர் சேந்தமங்கலம் பக்கம் என்றார். நான் காகிதத்தைப் பெரிய டாக்டரிடம் எடுத்துப் போனேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "ஆளைப் பாக்காம சொல்றது தப்பு. ஆனா புள்ளியெல்லாம் சரின்னா இது மதுரைக் காலு. மண்ணுல இருக்கற பூஞ்சக்காளான் முள்ளோட உள்ள போயி வேர் விட்டிருக்கு. இப்ப வந்தா பெருவிரலும் கொஞ்சம் சதையும் போகும், அவ்வளவுதான். விட்டா ஏறிக்கிட்டே இருக்கும். வலிக்காதா, அதனால விட்டுருவாங்க."

நான் திரும்பி வந்தபோது செங்கோடன் துண்டைத் தடுப்பின் மேல் போட்டு, அதற்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்தியே கேட்பார்கள், சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது. கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர நான் டவுனில் வளர்ந்தவன், பழக்கமில்லை. மரியாதைக்காகக் கையை உள்ளே விட்டேன்.

சில்லென்ற விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தன. அழுத்தின, விட்டன, மறுபடி அழுத்தின. அவர் முகத்தில் அதன் சாயலே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒருவருடையது, கை வேறு யாருடையதோ என்று தோன்றியது. கையை இழுத்துக்கொண்டு, "நாப்பது ரூபாய், கட்டெல்லாம் சேத்து" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"அட, என்னுங் சாமி, ஊருக்கே சொல்லிப்போட்டீங்களே! சரி, இதுலயே எளுதிக் குடுங்க."

பெருவிரல் கோட்டுக்குள் இடம் இருந்தது. அதில் நாற்பது என்று எழுதினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டுக்கும் நகல் வேண்டும். அதனால் கார்பன் வைத்து அந்தப் பாதத்தின் கோட்டின் மேல் நானும் ஒருமுறை பென்சில் ஓட்டினேன். டாக்டர் சொன்ன இன்னொரு வாக்கியத்தை, விட்டால் ஏறும் என்பதை, அவரிடம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. அது கடைக்காரன் பேச்சாகிவிடும் என்று நினைத்தே சொல்லவில்லை.

அவர் போனார். தடுப்புக்கு மேலே உருமால் மட்டும் மிதந்துகொண்டு வாசலைத் தாண்டியது.

சாயங்காலம் கூட்ட வந்த குருவாயி, "ஆருங்க இங்க கடுகு கொட்டுனது?" என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் தரையில் கருப்பாகப் பொடிப்பொடியாகக் கிடந்தது. செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் சாமான் வாங்கிய யாரோ சிந்தியிருப்பார்கள் என்றேன். அவள் ஒன்றை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தாள். "கடுகு இல்லீங்க. எறும்புகூட வல்லையே" என்றாள். நான் அடுத்த சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்துச் செங்கோடன் மறுபடி வந்தார். பழைய காகிதமும் புதிய காகிதமும் கொண்டுவந்திருந்தார். பழையதில் விரல்களெல்லாம் நிரம்பியிருந்தன. அடுத்த விரலில் அஸ்தம்பட்டி நர்சிங் ஹோம் ஒன்றின் விலை, நடு விரலில் ஈரோட்டுப் பக்கம் கேட்டது, சுண்டுவிரலில் யாரோ ஒரு வைத்தியர் சொன்னது.

"இவங்க இருபத்தஞ்சுங்கறாங்க. நீங்க நாப்பதுங்கறீங்க. என்னுங் சாமி நாயம்?"

உட்காரவைக்காமலே அரைமணி நேரம் விளக்கினேன். கட்டுக்குத் தனி, படுக்கைக்குத் தனி என்று கூட்டிக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்பிடிங்களா! நீங்க சொல்றது கவுத்தோட வெல. அவங்க சொல்றது கவுறில்லாத மாட்டு வெல." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் மேசைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் இவர்தான்.

ஆனால் புதிய காகிதத்தில் பாதம் அகலமாகிவிட்டிருந்தது. புள்ளிகள் பதினொன்று. பாதிப் பாதம் போகும் என்றார் டாக்டர். எழுபத்தைந்து ரூபாய் என்றேன்.

"சந்தை ஏறிப்போச்சாட்ட இருக்குது" என்று சிரித்தார். "கோடையில தீவனமில்லாம எல்லா மாடும் வெல எறங்கித்தான் ஆகோணும். அப்ப வாரேனுங்க. பங்காளி எங்க ஓடிப்போறான், வலிதான் இல்லையே."

இதை நான் அன்றே திருத்தியிருக்கலாம். இது இறங்குகிற சந்தை இல்லை ஐயா என்று ஒரு வார்த்தை. முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்பன் வைத்து இரண்டாவது பாதத்தின் மேல் பென்சில் ஓட்டினேன். அன்றைக்கும் குருவாயி கடுகைக் கூட்டி அள்ளினாள்.

கோடையில் வந்தார். மூன்றாவது காகிதத்தைப் பார்த்ததும் நகல் எடுக்க எனக்குக் கை வரவில்லை. நான் விலை எழுதிய பெருவிரல் அதில் இல்லை. வீக்கம் அதை விழுங்கியிருந்தது. அந்த இடத்தில் கோடு வளையாமல் நேராக ஓடியது. புள்ளிகளை எண்ணாமல் விட்டேன். கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். நூற்றுப்பத்து.

"கோடையிலயும் ஏறுதுங்களே!" அவர் முகம் முதல் தடவையாக மாறியது. காகிதத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

முந்தைய இரண்டு நகல்களையும் எடுத்து, மூன்றாவது காகிதத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. உள்ளே சிறிய பாதம், அதைச் சுற்றிப் பெரியது, அதையும் சுற்றி உருவமில்லாத ஒன்று. காகிதத்துக்குள் ஏதோ உயிரோடு ஊறி வளர்ந்துகொண்டிருந்தது. என் கையும் அந்தக் கோட்டின் மேல் இரண்டு தடவை போயிருக்கிறதே என்று நினைத்தபோது விரல் கூசியது.

"இதை யார் வரைஞ்சது?"

சிஸ்டர் கிளாரா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பங்காளி கால் சிஸ்டர். இவர்தான் வரைஞ்சு கொண்டுவர்றார்."

அவர் அங்கியிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். விரல் பக்கத்துக் கோட்டைக் காட்டினார்; ஒரே இழுப்பாக, அழுத்தமாக இருந்தது. குதிகால் பக்கத்தைக் காட்டினார். அங்கே கோடு விட்டுவிட்டுப் போயிருந்தது, இரண்டு தடவை திருத்தியிருந்தது. "எதிர்ல உக்காந்து அடுத்தவன் காலை வரையறவனுக்குக் குதிகாலும் நல்லாத் தெரியும். தான் நின்னுக்கிட்டே குனிஞ்சு வரையறவனுக்குத்தான் பின்பக்கம் தெரியாது" என்றார்.

எனக்கு விளங்குவதற்குள், விளக்குமாறோடு வந்த குருவாயி தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்: "கடுகுக்காரரு வந்துட்டுப் போயிட்டாருங்களா? கெடக்குதே!"

இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். தரையில் அவர் நின்ற இடத்தில், ஒரு பாத அகலத்துக்கு அந்தக் கருப்புமணிகள் சிதறியிருந்தன. காகிதத்தின் ஓரத்திலும் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. சிஸ்டர் ஒன்றைக் காகிதத்தில் ஏந்தி டாக்டரிடம் கொண்டுபோய்த் திரும்பி வந்தார். "அந்த ஓட்டை வழியா இதுதான் உதிருமாம்" என்றார். குருவாயி கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு வருடமாக அந்த மனிதர் எனக்கு எதிரே, அந்தக் காலின் மேலேயே நின்றுகொண்டு, அதன் விலையைக் கேட்டிருக்கிறார். நடுவில் ஒரு பலகைதான் இருந்தது.

"முகத்தைப் பாருன்னு சொன்னது நாந்தான்" என்றார் சிஸ்டர். கையை மறுபடி அங்கிக்குள் செருகிக்கொண்டார். "சவரிமுத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போ. ஆளைக் கூட்டிட்டு வா."

போனேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாடுகள் கத்தும், மனிதர்கள் கத்துவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்த இடம் வேறு மாதிரி இருந்தது. புழுதிக்குள் நூற்றுக்கணக்கான பேர் இரண்டு இரண்டாக, துண்டுக்கு அடியில் கை கோத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். உதடு அசையவில்லை. துண்டுகள் மட்டும் அசைந்தன. அத்தனை விலைகள் என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன, ஒன்றுகூட என் காதில் விழவில்லை. நான் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பட்டப்பகலில் அப்படிப் பயந்தது அந்த ஒரு நாள்தான்.

ஒரு புளிய மரத்தடியில், வண்டிப் பாரில் காலைத் தொங்கவிடாமல் நீட்டி, அதைச் சாக்கால் மூடி உட்கார்ந்திருந்தார் செங்கோடன். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணே, பங்காளி இல்லீங்க. உங்க காலுன்னு தெரியும்" என்றேன்.

துண்டை எடுத்து என் கையின் மேல் போட்டார். இந்தத் தடவை விரல்களை எண்ணவில்லை. முழுக் கையையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

"சத்தமாச் சொல்லாதீங் சாமி. மாடு நடக்கற நடையப் பாத்துத்தான் நான் வெல சொல்றவன். நொண்டித் தரகன் காட்டற மாட்டை எவன் வாங்குவான்? அதுவுமில்லாம, தனக்கு வேணும்னு காட்டிக்கிட்டா வெல ஏறுமுங்களே. எந்தச் சந்தையிலயும் அதுதானுங்க மொறை."

"இப்பவே வாங்கண்ணே. விலையைப் பத்தி யோசிக்காதீங்க."

"இப்ப எதுவரைக்கும் போகுமுங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். சாக்கை விலக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

மறுநாள் அதே வண்டியில் வந்தார். முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்தார்கள். மூன்றாவது காகிதத்தின் விலைக்கு மேல் ஒரு பைசா எழுதக்கூடாது என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். நாற்பது நாள் கட்டு மாற்றினார்கள். ஒவ்வொரு நாளும் சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, முகத்தை அல்ல, கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். நானும் தினம் போனேன். செங்கோடன் மாட்டுக் கதைகளாகச் சொல்லுவார். சிரிக்கவும் வைப்பார். வேலை போயிற்று என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று, டாக்டர் கடைசியாகப் பார்க்க வந்தபோது அவர் கேட்டார்: "ஏனுங் டாக்டரய்யா, மொதக் காகிதத்தோடயே நான் படுத்திருந்தா எத்தனை போயிருக்குமுங்க?"

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "பெருவிரல். நாப்பது ரூபாய்க்குச் சொன்னது அதுக்குத்தான். இவர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே, விட்டா ஏறும்னு" என்று என்னைக் காட்டினார்.

செங்கோடன் என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமே இல்லை. அவருக்கு அது புரியாத சங்கதியாக இருந்தது, அவ்வளவுதான்.

"கவுத்துக் கணக்கு, கட்டுக் கணக்கு எல்லாம் அரைமணி நேரம் நின்னு சொன்னீங்களே சாமி. சந்தையில எப்பேர்ப்பட்ட திருட்டுத் தரகனும் ஒண்ணு சொல்லுவானுங்க, இந்த மாடு நாளைக்கு இருக்காதுன்னு. நீங்க அத மட்டும் சொல்லவே இல்லீங்களே?"

கோலை ஊன்றி வண்டியில் ஏறிப் போய்விட்டார். அப்புறம் எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவரை நான் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழந்தாளிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"பொய் சொன்னியா?"

"இல்ல சுவாமி."

"விலையைக் கூட்டிச் சொன்னியா?"

"இல்ல சுவாமி. சரியாச் சொன்னேன்."

"மேல உள்ளவங்க சொன்னதை மீறினியா?"

"மீறல சுவாமி."

சிறிது நேரம் யோசித்தார். "அப்ப இதுல பாவம் எதுவும் இல்லையேப்பா. வேற ஏதாவது இருந்தா சொல்லு" என்றார்.

வேறு சில்லறைப் பாவங்களைச் சொன்னேன். அவற்றுக்குப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படி அபராதம் கொடுத்தார். கோயிலிலேயே சொல்லி முடித்தேன். செங்கோடன் காலுக்கு அவர் அபராதம் எதுவும் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ சாமியார்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கொடுக்கவில்லை.